பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

உலாப் பிரபந்தங்களைப் பாடஞ் சொல்லும்போது பெண்களின் ஏழு பருவங்களை விளக்காமல் மேற்செல்ல இயலாது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என அவை எண்ணப்படும். 5 வயதிற் பேதையாகத் தொடங்குபவள் 40 வயதிற் பேரிளம்பெண்ணாக முடிகிறாள் என்பது பெருவழக்கு. இடைப்பட்ட எல்லைகளிற் சிறு வேறுபாடுகள் உண்டு. எனினும் நாற்பதைக் கடந்தவளுக்கென எட்டாவது பெயரொன்று அந்த வரிசையில் இல்லை.

கீழைத்தேயக் கல்வி புகட்டும் கல்லூரியொன்றிற் பண்டித வகுப்புக்கு இப்பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற தவணையில் ஒரு மாணவி எழுந்து, "நாப்பதுக்குப் பிறகு என்ன பேர் ரீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுதுஞ் சிரித்தது. யானுஞ் சிரித்தேன், ஆனால் விடை கூறவில்லை. எனக்கு அப்போது வயது 56.

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி உடன் வந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் விடை உண்டோ என எண்ணிப் பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தோரையே முதியோர் என்கிறது. ஆக, இலக்கணம் நாற்பதிற் கைவிட்டவளைச் சட்டம் அறுபதிலேதான் கண்டெடுக்கிறது. இடையிலுள்ள 20 ஆண்டுகள் பெயரற்றுக் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளிற் பெண் என்ன செய்கிறாள்? யாரைத் தாங்குகிறாள்? அவளைத் தாங்குபவர் யார்? நூல்களில் தேடியதை என் ஊரிற் கண்டேன். அதனைக் கூறவே இதனை எழுதுகிறேன்.

என் ஊர் செட்டிபாளையம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குருக்கள்மடத்தைக் கடந்ததும் வருவது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம். வாவிக்கு இப்பாலுள்ள இந்நிலத்தை எழுவான்கரை என்றும், அப்பாலுள்ள வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவோம்.

இப்பகுதியிற் குடி என்பது தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியையே சேரும். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழமையிற் சொத்துரிமையும் பெண்வழியே இறங்கிற்று. 1876ஆம் ஆண்டில் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின் அவ்வழமை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. ஆயினும் வீட்டையும் வளவையும் மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் மக்களிடத்தில் அழியவில்லை. மூத்த மகளுக்குத் திருமணமானதும் பெற்றோர் தம் வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவின் ஓரத்திலோ அயலிலோ வேறொரு வீட்டிற் குடிபுகுவர். இளையவளுக்கு முறை வரும்போது அதனையும் விடுவர். இவ்வாறு, ஐம்பதைக் கடக்கும் தாய் தான் வாழ்ந்த வீடுகளுள் மிகச் சிறியதில் வந்து நிற்பாள்.

வெளியூரார் இதனைக் கண்டு இரங்குவதுண்டு. அவர்கள் காணாதது ஒன்று உளது. அச்சிறு வீட்டின் வேலிக்கு அப்பால் அவள் தங்கை இருக்கிறாள். கிணற்றடிக்கு அப்பாற் பெரியம்மாவின் மகள் இருக்கிறாள். மணமாகி வந்தவன் ஆணாதலின், பெண்கள் பிறந்த அயலிலேயே கூடி முதுமை எய்துகிறார்கள். இதனால் அவர்களுக்குத் துன்பமில்லை என்று கூறின் அது பொய்யாகும். கிழக்கிலங்கையிற் குடும்பந் தாங்கும் பெண்களைப் பற்றிக் காஞ்சனா ருவன்புர என்னும் ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தாய்வழிச் சமூகமாயினும் நடைமுறையில் ஆணாதிக்கம் நீங்கவில்லை என்பதே அதன் சாரம். வீடு பெண்ணுடையது என்பதால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது. உரிமை தராத ஒன்றை அயல் தருகிறது. அதனை யான் அறிந்தது துயரத்தின் வாயிலாகவே.

மூன்றாண்டுகளுக்கு முன் என் கணவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீடு நிறைய மக்கள் இருந்தனர். மறுநாள் ஒருவரும் இல்லை. மகன் கடல் கடந்து வாழ்பவன். விடுமுறை முடிந்து சென்றுவிட்டான். கல்லூரிக்குப் போவேன், வருவேன், கதவைச் சாத்திக்கொள்வேன். படித்தவள் என்னும் எண்ணம் வேறு என்னைத் தடுத்தது. ஆயிரம் செய்யுள் மனப்பாடமாக உள்ளவள் பிறரிடம் போய் அழலாமோ என்று இறுமாந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அடுத்த வளவிலுள்ள பெரியம்மாவின் பேத்தி வந்து நின்றாள். "பெத்தாவுக்கு மருந்துப் பேர் வாசிக்க வேணுமாம். உங்களை வரட்டாம்" என்றாள். மறுக்க இயலாமற் சென்றேன்.

பெரியம்மாவின் சிறு வீட்டு முற்றத்தில், மாமர நிழலிற் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் இருந்தனர். எல்லாரும் ஐம்பதைக் கடந்தவர்கள். நடுவில் வெற்றிலை வட்டா. வெற்றிலை களுதாவளைக் கொடியிற் பறித்தது. மச்சாள் ஒருத்தி தென்னோலை கொண்டு கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். யான் மருந்துப் பொட்டலங்களை வாங்கிப் படித்தேன். எழுத்தறியாத இருவருக்காகக் காலையில் விழுங்குவதன்மேற் சூரியனையும் இரவில் விழுங்குவதன்மேற் பிறையையும் வரைந்து கொடுத்தேன். "அடுத்த வெள்ளியும் வா புள்ள" என்றார் பெரியம்மா. சென்றேன். உதவி செய்கிறேன் என்ற எண்ணத்துடன் பல வாரம் சென்றேன். அவர்கள் எல்லாருடைய மருந்தையும் பேத்தி ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தாள் என்பதும், யான் வரைந்த சூரியனும் பிறையும் எவருக்கும் தேவைப்படவில்லை என்பதும் நெடுநாட் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. கதவைத் திறக்க மறுத்தவளைத் தருமஞ் செய்ய அழைப்பதுபோல் அழைத்து வெளியே கொணர்ந்திருக்கிறார்கள்!

அம்முற்றத்தில் நடப்பன மிகச் சிறியன. ஒவ்வொருவரும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒரு பானையில் இடுவர். வெள்ளிக்கிழமை அதனைக் கொணர்ந்து ஒரே சுளகிற் கொட்டுவர். எந்த வீட்டில் அவ்வாரம் முடை உளதோ அங்கே அது போகும். பிடிகள் ஒன்றாய்க் கலந்துவிட்டமையாற் பெறுபவள் எவருக்குங் கடன்பட்டவள் ஆவதில்லை. சீட்டுப் பணம் மாதமொரு முறை. சலரோகமும் இரத்த அழுத்தமும் உடையவர்கள் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியுடன் ஒரே பஸ்ஸிற் போவர். ஒருத்தி வர மனமில்லை என்றால் மற்றவர்கள் அவள் படலையடியிலே நின்றுகொள்வர். அவள் சேலை மாற்றி வரும்வரை அசையமாட்டார்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லுதல் வாய்ப்புற்றை வருவிக்கும் என்று அறிந்தபின், அதனை விட எண்ணிய ஒருத்திக்குத் துணையாக மற்ற நால்வருந் தாமும் விட்டனர். வட்டாவிற் புகையிலை இருந்த இடத்தில் இப்போது ஏலமும் கராம்பும் இருக்கின்றன. அவற்றுள் ஒருத்தி மட்டும் ஒளித்து ஒரு துண்டு வைத்திருக்கிறாள் என்பது எல்லாருக்குந் தெரியும். ஆயினும் கேட்பாரில்லை.

"வயது போயிற்று" என்று அங்கே எவரேனும் பெருமூச்சு விட்டால், "போனது போகட்டும், இருக்கிறதைச் சொல்லு" என்பார் பெரியம்மா. நூல்களிற் கண்ட ஆறுதல் மொழிகள் பலவற்றினும் இது எனக்கு வலியதாகத் தோன்றிற்று.

வைகாசி மாதம். ஊரின் கண்ணகை அம்மன் கோயிலிற் குளிர்த்திச் சடங்கு நடக்குங் காலம். வழக்குரை பாடுங் குரல் இரவுதோறுங் காற்றில் வரும். அம்மன் கதையை அப்பெண்கள் அறுபது எழுபது ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் "இளங்கோவடிகள் எப்படிச் சொல்லியிருக்கிறார்?" என்று அறிய விரும்பினர். அடைக்கலக் காதையைக் கதையாகச் சொன்னேன். மதுரைப் புறஞ்சேரியிற் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர்குல முதியவளிடம் ஒப்படைத்ததையும், மாதரி அவளைத் தன் மனைக்கு அழைத்துச் சென்று, தன் மகள் ஐயையைத் துணையாக்கிப் பேணியதையும் விரித்துரைத்தேன்.

கிடுகு பின்னும் மச்சாளுக்கு அருகில் ஒரு மாமி இருந்தார். எழுபதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் தலை நிமிர்த்தி, "பிறகு அந்தக் கிழவி என்ன ஆனா புள்ள?" என்று கேட்டார்.

யான் திகைத்தேன். ஏனெனில் அவர் கதையை யான் அறிவேன். அவருடைய மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றபோது தன் நான்கு வயதுக் குழந்தையைத் தாயிடம் விட்டுச் சென்றாள். மட்டக்களப்பில் இவ்வாறு எத்தனையோ பிள்ளைகள் பாட்டிமார் கையில் வளர்ந்தார்கள், வளர்கிறார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாமி பேரனுடன் கல்லாற்றிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தார். காலையிற் கடல் எழுந்து வந்தது. மாமி மீண்டார். கையிற் பிடித்திருந்த பிள்ளை மீளவில்லை.

மாதரியின் முடிவை இவருக்கு எங்ஙனஞ் சொல்வது? மழுப்பலாம் என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால் அவர் கண்கள் என்மேலேயே இருந்தன. ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்தது ஒன்றுண்டு: உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்பவரிடம் பொய் சொல்லலாகாது. "கோவலன் செத்ததையும் கண்ணகி போனதையும் கேட்டு, என்னை நம்பித் தந்த அடைக்கலத்தைக் காக்கத் தவறினேனே என்று நள்ளிரவில் நெருப்பில விழுந்திட்டா, மாமி" என்றேன்.

முற்றம் அடங்கிற்று. மச்சாளின் கையில் ஓலை நின்றது. சற்றுப் பொறுத்து மாமி கேட்டார்:

"அவவுக்கு அயல்ல ஆக்கள் இருக்கல்லையோ?"

ஆயர்சேரி முழுதும் ஆக்கள் இருந்தார்கள் என்பதை யான் அறிவேன். தீக்குறி கண்டு குரவை ஆடிய பெண்கள் அனைவரும் அவள் அயலவர்களே. ஆனால் அந்த நள்ளிரவில் அவளை ஒருவர் தடுத்ததாகக் காப்பியங் கூறவில்லை. அதனைச் சொன்னேன்.

மாமி தலையசைத்தார். "எனக்கு இருந்தாங்க புள்ள. மூண்டு மாசம் என்னத் தனிய விடல்ல. கிணத்தடிக்குப் போனாலும் ஒராள் வரும். ராவைக்கு ரெண்டு பேர் பக்கத்தில படுப்பாங்க. அதான் இண்டைக்கு இருக்கன்" என்றார்.

யாவும் அன்றே எனக்கு விளங்கிற்று. வெளிநாட்டிலிருந்து மகள் பேசியபோது, அச்செய்தியைத் தன் வாயாற் சொல்லியவர் பெரியம்மா. இரவுகளை முறைவைத்துக் காத்தவர்கள் இந்த முற்றத்துப் பெண்களே. அன்று அவர்களிற் பலருக்கு வயது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையே. இலக்கணத்தாலுஞ் சட்டத்தாலும் பெயர் பெறாதவர்கள். சிலருடைய கணவரோ மகனோ போர்க்காலத்தில் மாண்டிருந்தார். தம் துயரம் ஆறுமுன்னரே மற்றொருத்தியின் துயரத்துக்குப் பாய் விரித்தார்கள். பல ஆண்டுகட்குப் பின், கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பண்டிதைக்கும் அதே பாயில் இடம் ஒதுக்கினார்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் அம்மாணவியை எழுப்பினேன். "நீ கேட்ட கேள்விக்கு விடை பாட்டியலில் இல்லை, சிலப்பதிகாரத்தில் உண்டு. மாதரியை இளங்கோவடிகள் முதுமகள் என்கிறார்" என்றேன்.

"அது வெறுமனே வயது போனவள் எண்டுதானே ரீச்சர்?" என்றாள் அவள். பண்டித வகுப்பு மாணவி அல்லவா!

"சொற்பொருள் அவ்வளவுதான்" என்று ஒப்புக்கொண்டேன். "ஆனால் அச்சொல் எங்கே வருகிறது என்று பார். ஏழு பருவப் பெயர்களும் உலாவருந் தலைவனைக் கண்டு மயங்கி நிற்கும் பெண்களைப் பகுத்தற்கு வந்தவை. அங்கே பெண் பார்த்து நிற்கிறாள், பார்க்கப்படுகிறாள். முதுமகள் என்பதோ ஊர் பேர் அறியாத ஒருத்தியை நம்பி ஒப்படைக்கத்தக்கவள் யார் என்று கவுந்தியடிகள் எண்ணும் இடத்தில் வருகிறது. அந்த இடத்துக்குப் பேதையும் ஆகாள், பேரிளம்பெண்ணும் ஆகாள்."

அவள் கொப்பியில் ஏழு பெயர்களின் கீழே எட்டாவதாக அதனை எழுதிக்கொண்டாள். பரீட்சையில் அவ்வாறு எழுதினாற் புள்ளி கிடைக்காது என்று எச்சரித்தேன். "பரவாயில்லை ரீச்சர்" என்றாள்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லாமல் விட்டேன். அதனை ஈண்டு சொல்கிறேன். அடைக்கலங் கொடுப்பவளுக்கும் அடைக்கலம் வேண்டும். மாதரியின் கதை முடிந்த இடத்தில் மாமியின் கதை முடியாது தொடர்ந்தமைக்குக் காரணம் அறிவோ உறுதியோ அன்று. அருகே விரித்த இரண்டு பாய்கள். இதனைப் படிக்கும் ஆசிரிய அன்பர்கள் தத்தம் அயலில் முப்பத்தோராம் நாளுக்குப் பின் கதவு சாத்தப்பட்ட வீடு ஏதேனும் உளதோ என்று பார்ப்பாராக. உளதாயின், ஆறுதல் சொல்லப் போக வேண்டியதில்லை. ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்து, அதன் பெயரை வாசித்துத் தரும்படி கேட்டாற் போதும்.