இரட்டையர் டென்னிஸை நம்பிப் பிழைக்க முடியுமா?

கடலூரிலோ சிதம்பரத்திலோ உங்கள் மகன் டென்னிஸ் ஆடுகிறான். "இவன் டபுள்ஸுக்கு நல்லா வருவான்" என்கிறார் பயிற்சியாளர். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று உங்களுக்குச் சந்தேகம்.

தொழில்தான். ஆனால் பலன் தாமதமாகத்தான் வரும்.

சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன், 2017 ஜனவரியில் ரோஹன் போபண்ணாவுடன் சேர்ந்து சென்னை ஓபனை வென்றபோது அவருக்கு வயது 28. அடுத்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) பட்டம் 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் கிடைத்தது. ஜோடி, இன்னொரு சென்னைக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்த். நடுவில் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. போபண்ணாவோ 43 வயதில்தான் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்று, உலகின் முதலிடத்துக்கும் வந்தார்.

அந்த வயதில் எப்படி ஆட முடிகிறது? ஒற்றையரைவிட ஓட்டம் குறைவு. சர்வீஸ், அதைத் திருப்பி அடிப்பது, வலைக்கு அருகே கை வேகம் இவைதான் முக்கியம். ஆட்டமும் சீக்கிரம் முடிந்துவிடும். ஏடிபி தொடர்களில் 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளி அந்த கேமை முடிவு செய்யும்; மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக். ஹாங்சோ இறுதியாட்டத்தில் ஜீவன் ஜோடி முதல் செட்டை இழந்து, கடைசியில் அந்த டைபிரேக்கை 10-7 என வென்றது. இரண்டு புள்ளி இடறியிருந்தால் கதை மாறியிருக்கும்.

நன்றாக ஆடினால் எந்தத் தொடரிலும் சேர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள். உங்கள் மகனின் தரவரிசையையும் ஜோடியின் தரவரிசையையும் கூட்டுவார்கள். 80-ம் 90-ம் சேர்ந்தால் 170. கூட்டுத்தொகை குறைந்த ஜோடிகளுக்கே முதலில் இடம். அதனால் நல்ல ஜோடி கிடைப்பதே பாதி வேலை. ஜோடிக்குத் தோள்பட்டை வலி வந்தால் உங்கள் மகனுக்கும் அந்த வாரம் போச்சு. புள்ளிகளும் 52 வாரங்களில் காலாவதியாகிவிடும்.

பணம்? இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரட்டையர் பட்டம் வென்ற போபண்ணா, அவருடைய ஜோடி மாத்யூ எப்டன் இருவருக்கும் சேர்த்து 7.3 லட்சம். அது உச்சி. அடிமட்டமான எம்15 தொடரில் மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர்தான். அதில் பெரும்பங்கு ஒற்றையருக்கு. விமானம், அறை, ராக்கெட் நரம்பு எல்லாம் கைக்காசு. முதல் சில ஆண்டுகள் வீட்டிலிருந்துதான் பணம் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். (மகளாக இருந்தால் பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ; கணக்கு ஏறத்தாழ இதேதான்.)

அப்படியானால் இப்போதே ஒற்றையரை விட்டுவிடலாமா? கூடாது. இளையோருக்கான ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) தரவரிசையில் இரட்டையர் புள்ளிகளில் கால் பங்குதான் சேரும். இரட்டையர் வீரர்கள் பெரும்பாலும் ஒற்றையரில் பல வருடம் ஆடிவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களே. 18 வயதுவரை இரண்டும் ஆடட்டும்.

முதல் வேலை, அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு எண் வாங்குவது. பிறகு அந்தச் சங்கத்தின் டேலண்ட் சீரிஸ் போன்ற சிறுவர் தொடர்கள். வலுவான எதிராளிகளுக்குச் சென்னை போக வேண்டியிருக்கும். கடலூரிலிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். பள்ளி விடுப்பையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

ஒருவேளை பெரிய அளவில் வராவிட்டால்? படிப்பை விடாமல் வைத்திருந்தால் பயமில்லை. ஜீவனே அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். பயிற்சியாளராக நினைத்தால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்வி படிக்கலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. எந்தப் போட்டிச் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, தொடர்களைத் தேர்ந்தெடுங்கள்.