காலில் ஒரு கீறல், மண்ணில் ஒரு கிருமி

கேமரன் மலையில் அடைமழை ஓய்ந்த ஒரு காலை. தேயிலைச் சரிவில் வேலை செய்யும் இருவரின் காலிலும் கவாத்து செய்த கிளை கீறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் காலிலும் சேறு. ஒருவருக்குச் சில நாளில் பொருக்குத் தட்டி ஆறிவிடுகிறது. மற்றவருக்கோ வீங்கிச் சீழ் பிடிக்கிறது, குளிர்காய்ச்சலும் வருகிறது. இரண்டாமவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. வீட்டில் ‘இனிப்புநீர்’ என்போமே, அதுதான்.

தோல் கிழிந்ததும் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள். அவை கிருமியை விழுங்கி, உள்ளேயே வைத்துக் கொல்லும். இரத்தத்தில் சர்க்கரை நீண்டநாள் மிகுந்திருந்தால் அவை மந்தமாகிவிடுகின்றன: வந்து சேரத் தாமதம், விழுங்குவதில் சுணக்கம். பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருந்தால் காயம் பட்டதே தெரியாது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்தக் காவல் தளர்ந்தே இருக்கும்.

அந்த நேரத்தில் எந்தக் கிருமி உள்ளே வருகிறது என்பது முக்கியம். நம் நாட்டு ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒன்றின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லி. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். தோலில் கட்டியாகத் தொடங்கலாம். மூச்சு வழியாகவும் புகலாம். இரத்தத்தில் கலந்துவிட்டால் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கும் சீழ்க்கட்டி.

இதை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் பணியாற்றிய அல்ஃப்ரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். ஆண்டு 1912. அவர்கள் கண்ட நோயாளிகளில் பலர் மார்பின் பழக்கத்தால் உடல் நலிந்தவர்கள். பலவீனமான உடலைத் தேடும் குணம் அப்போதே தெரிந்துவிட்டது! மெலியோய்டோசிஸ் என்ற பெயர் பின்னர் கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டன், ஃபிளெட்சர் இருவரும் வைத்தது.

கேமரன் மலை இருக்கும் அதே பகாங் மாநிலத்தில், தாழ்வான மாரான் பகுதியின் லுபோக் யூவில், 2010-ல் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் பலர் இறங்கினார்கள். பிறகு அவர்களில் 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. 8 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பலருக்கு நீரிழிவு இருந்தது.

இந்தக் கிருமி சாதாரண பெனிசிலினுக்கு மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தைக் குறைந்தது 10 நாள் நரம்பு வழியே ஏற்றவேண்டும். அதன்பின் சுமார் 3 மாதம் மாத்திரை. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தினால், உயிரணுக்களுக்குள் ஒளிந்திருப்பது மறுபடி கிளம்பும். இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தில் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டு கழித்து நோய் வெளிப்பட்டது பதிவாகியிருக்கிறது.

காசநோய் போலவும், சாதாரணக் கொப்புளம் போலவும் இது வேடம் போடும். சீழை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கவும் சில நாள் பிடிக்கும். எனவே தாத்தாவுடன் கிளினிக்குப் போகிறவர் நீங்களானால், கீறல் பட்ட நாள், சேற்றில் நின்றது, இனிப்புநீர் இருப்பது மூன்றையும் டாக்டர் கேட்கும்முன் சொல்லிவிடுங்கள்.