மென்பொருள் வாங்கினீர்கள், சேவையை வாங்கினீர்களா?

கண்டி கொழும்பு வீதியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கடை வைத்திருப்பவர்கள், கணக்கு மென்பொருள் படுத்துவிட்டது என்று முறையிடும்போது எடுத்துக் காட்டும் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ‘பில்லிங் சிஸ்டம் – 1, ஒரு வருட வொரண்டி’ என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு தொகை, வாசிக்க முடியாத கையெழுத்து. வொரண்டி கணினிக்கா மென்பொருளுக்கா என்று இல்லை. விற்றவரின் பதிவு இலக்கமும் இல்லை.

அது வெறும் விற்பனைச் சீட்டு. அவர் விற்றார், நீங்கள் வாங்கினீர்கள், அத்தோடு கணக்கு முடிந்தது. மறுநாள் அவர் தொலைபேசியை எடுக்கவேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. மென்பொருளும் உங்கள் சொந்தமாகிவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலின் பதிப்புரிமை எழுத்தில் மாற்றப்படாதவரை அதன் உரிமையாளரிடமே இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் வற் வரியை நினைத்துப் பார்க்கட்டும். 2022 ஜூன் 1ஆம் திகதி 8 வீதம் 12 ஆனது. செப்டெம்பர் 1ஆம் திகதி 15 ஆனது. ஒக்டோபர் 1ஆம் திகதி 2.5 வீத சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி வந்து சேர்ந்தது. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதம். பத்தொன்பது மாதங்களில் நான்கு மாற்றங்கள். சேவை ஒப்பந்தம் இல்லாதவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக்கட்டணம் கொடுத்துக் காத்திருக்கவேண்டும், அல்லது பழைய வீதத்திலேயே பில் அடிக்கவேண்டும். பிழையான பில்லுக்கு இறைவரித் திணைக்களத்தில் பதில் சொல்வது மென்பொருள்காரர் அல்ல, நீங்கள்தான்.

எல்லாருக்கும் சேவை ஒப்பந்தம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வற் பதிவு இல்லாத, ஒரே கணினி வைத்திருக்கும் சின்னக் கடைக்கு நேர் விற்பனையே போதும். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது வீண். வற் பதிவு உள்ளவர், இரண்டு கிளை வைத்திருப்பவர், கடன் கணக்கும் ஸ்டொக்கும் கணினியிலேயே வைத்திருப்பவர் சேவை ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட்டக்கூடாது. மாதாந்தம் பணம் கட்டும் முறை முழுக்க முழுக்கச் சேவைதான். கட்டுவதை நிறுத்தினால் திரையும் மூடிக்கொள்ளும். அதில் சேருமுன் தரவு யாரிடம் இருக்கிறது, எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கவேண்டியவற்றைச் சொல்கிறேன். வரி வீத மாற்றம் வருடக் கட்டணத்துக்குள் அடங்கும் என்று எழுதவேண்டும். பழுதென்று அறிவித்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவார்கள் என்பதை இலக்கத்தில் எழுதவேண்டும். ‘விரைவில்’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாகத் தரவேண்டும். நிர்வாகி கடவுச்சொல் உங்களிடமும் இருக்கவேண்டும். தரவைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை: வரிப் பதிவேடுகளை ஐந்து வருடம் வைத்திருப்பது சட்டக் கடமை. மென்பொருள்காரர் கடையை மூடிக்கொண்டு போனார் என்பது அங்கே சமாதானமாகாது. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணை நகரில் கடைக்குள் தண்ணீர் வருகிறது. தெரிந்தும் கணினியையும் பெக்கப் டிஸ்க்கையும் கீழ்த்தட்டில் ஒரே மேசையில் வைப்பது என்ன அலட்சியம்! ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

கையெழுத்திடுமுன், விற்பவர் தனியார் கம்பனி என்றால் பி.வி. என்று தொடங்கும் இலக்கத்தைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். தனி வியாபாரமென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்: எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குத் தொடர ஆறு வருடம் உண்டு, வாய்மொழிக்கு மூன்று வருடந்தான். வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதிகளையும் அழிக்காமல் வையுங்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அவற்றையும் மதிக்கிறது.

பிரச்சினை வந்துவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போங்கள். கண்டி மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள், அல்லது 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு எழுத்துமூல முறைப்பாட்டுக்கு மூன்று மாதமே தருகிறது. பொருளென்றால் விற்ற நாளிலிருந்து, சேவையென்றால் அந்தச் சேவை வழங்கிய நாளிலிருந்து. விற்பனைச் சீட்டு மட்டும் உள்ளவருக்கு நான்காம் மாதமே கதவு அடைபடுகிறது. சேவை ஒப்பந்தம் உள்ளவர் போன மாதம் செய்த அரைகுறை வேலைக்கும் முறையிடலாம். சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும் என்பதை 32ஆம் பிரிவே உத்தரவாதமாக்குகிறது. மூன்று மாதம் என்பதை மறக்கவேண்டாம். ‘நாளைக்கு வருகிறோம்’ என்று விற்றவர் இழுத்தடிப்பதே அந்த நாட்களைக் கடத்தத்தான்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் அதிகாரிக்கு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை நினைவூட்டுங்கள்; கண்டியிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போதும் மறுத்தால் அவர் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், குறுஞ்செய்திகள் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள், மூலத்தைக் கொடுக்கவேண்டாம். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள்.