வீடியோ எடிட்டிங்கும் கிராபிக்ஸ் கார்டு டிரைவரும்

பாடங்களையும் களச் செயல்முறை விளக்கங்களையும் வீடியோவாகத் தயாரிக்கும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஒரு தொல்லையை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய எடிட்டிங் மென்பொருள், புதிய பதிப்பை ஏற்றிய மறுநாள், கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ளும். அல்லது பாதி வேலையில் நின்றுவிடும். கார்டு பழுதுற்றது என்று கருதிப் புதியதற்கு விண்ணப்பம் எழுதுமுன், டிரைவர் என்னும் நிரலைக் கவனித்தல் வேண்டும்.

மென்பொருள்கள் இடும் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தருவதே டிரைவரின் வேலை. பழைய காலத்துத் துபாஷியின் தொழில் போன்றது அது. கடிதம் தட்டச்சு செய்கையில் இத் துபாஷிக்கு வேலை சொற்பமே. வீடியோவில் நிலைமை வேறு. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் அடங்கும். விநாடிக்கு 25 படங்கள் எனில், 5 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டியுள்ளது. ஆகையால் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அடோபி பிரீமியர் புரோ சி.எஸ்.5 முதலிய மென்பொருள்கள், இக் கணக்கின் பெரும் பகுதியை என்விடியா கார்டுகளிடம் ஒப்படைக்கத் தொடங்கின. 'கூடா' என்னும் ஏற்பாட்டின் வழியாக இது நிகழ்கிறது.

புதிய டிரைவர் பழைய மென்பொருளின் கட்டளைகளைப் பெரும்பாலும் அறியும். பழைய டிரைவரோ புதிய மென்பொருளின் கட்டளைகளை அறியாது. அங்ஙனமாயின் எப்பொழுதும் புதிய டிரைவரையே ஏற்றிவிடலாமே எனத் தோன்றலாம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புதிய டிரைவர்கள் பழைய கார்டுகளைக் கைவிட்டுவிடுகின்றன.

2012ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய 'கெப்ளர்' வகைக் கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவரே இறுதியானது. 2021க்குப்பின் அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே சில காலம் வந்தன. 2022 டிசம்பரில் வெளியான கூடா 12, குறைந்தது 525 வரிசை டிரைவரை வேண்டுகிறது. கெப்ளர் கார்டுகளையும் அது விலக்கிவிட்டது. எனவே கூடா 12-ஐ ஆதாரமாகக் கொண்ட எடிட்டிங் மென்பொருள், பழுதே இல்லாத அக் கார்டில் இயங்காது. டிரைவரை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. அக் கார்டு ஏற்கும் பழைய பதிப்பு மென்பொருளையே வைத்துக்கொள்வது செலவற்ற வழி.

கார்டு அவ்வளவு பழையதன்று எனில், பிரீமியர் புரோவின் அமைப்பில் கார்டை விலக்கி, மென்பொருள் மட்டும் கணக்கிடுமாறு மாற்றிப் பார்க்கலாம். வேலை மந்தமாகும், ஆயினும் தடை நீங்கினால் டிரைவரைச் சந்தேகிக்க இடமுண்டு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் எண் நீளமாகக் காணப்படும். என்விடியா கார்டாயின் அதன் கடைசி ஐந்து இலக்கங்களே பயன்படுவன: 30.0.14.7212 எனில் அது 472.12ஆம் டிரைவர். அதனை மென்பொருள் தயாரிப்பாளர் கோரும் எண்ணோடு ஒப்பிடுக. விண்டோஸ் தானாகவே டிரைவரை மாற்றிவிடுவதும் உண்டு. தொல்லை அதன்பின் தொடங்கியதாயின், அதே இடத்திலுள்ள 'ரோல் பேக்' பொத்தானால் முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். புதிதாக ஏற்றுவோர், விளையாட்டுகளுக்காக அடிக்கடி வெளிவரும் டிரைவரை விடுத்து, எடிட்டிங் முதலிய பணிகளுக்கென 2019 முதல் என்விடியா தனியே வெளியிடும் 'ஸ்டூடியோ' டிரைவரைத் தேர்தல் நன்று.