கொழுந்துத் தராசால் ஹெட் பொல்ட் இறுக்கலாம்

லிந்துலையில் கடை நடத்துபவருக்கு லொறி ஒருநாள் கராஜில் நின்றால் கடையைப் பாதி மூடியது போலத்தான். தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நானுஓயாவுக்குப் பாரத்தோடு ஏறும் பழைய எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போவது இங்கு யாருக்கும் புதினமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது படிப்படியாகத் தளர்ந்து, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இடையில் 2022இல், சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. வாகனமும் கருவியும் சேர்ந்தே விலையேறின. பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

கழற்றுவது சுலபம். பூட்டும்போதுதான் பிரச்சினை. ஹெட் பொல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கினால் கேஸ்கட் மறுபடியும் போகும். அதற்கென்றுள்ள டோர்க் ரென்ச் மலிவானதல்ல. வருடத்தில் ஒரு தடவைதான் தேவைப்படும். ஆனால் தோட்டப் பகுதியில் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசு இருக்கிறதே, அதுவே போதும். பொல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்றிமீற்றர் தூரத்தில் ஸ்பனர் கம்பியில் ஒரு துளை போட்டு, தராசுக் கொக்கியை மாட்டி, கம்பிக்கு நேர் குறுக்காக இழுங்கள். தராசு 14 கிலோ காட்டினால் அது 7 கிலோகிராம் மீற்றர். ஜப்பான் வாகனங்களின் பழைய கையேடுகள் பலவற்றில் இந்த அலகே இருக்கும்; நியூட்டன் மீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 69. தராசைப் படுக்கையாகப் பிடிக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நடுப் பொல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் கடைசி இறுக்கம் பாகைக் கணக்கில் வரும். அங்கே இந்தத் தராசு உதவாது. பொல்ட்டையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

பிஸ்டனை உள்ளே இறக்க, எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரப் பட்டியும் இரண்டு ஹோஸ் கிளிப்பும் போதும். ஓரத்தை அரத்தால் மழுக்கி, ஒயில் பூசி, மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால் ரிங் உடையாது. கிளச் தட்டை மையப்படுத்தத் துளையின் அளவுக்கு டேப் சுற்றிய மரத்தடி. வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க 12 வோல்ட் பல்பும் இரண்டு வயரும்.

வால்வு ஸ்பிரிங்கை அமுக்க, ஜன்னல் வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டை ஒரு ஜீ கிளாம்பில் வெல்டிங் பிடித்தால் வேலை நடக்கும். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் இதை நாலைந்தாகச் செய்து பக்கத்துக் கராஜ்களுக்கு விற்றால் அதுவும் ஒரு சிறு வருமானம். ஆனால் கண்ணாடி அணியாமல் அதைத் தொடக்கூடாது; ஸ்பிரிங் நழுவினால் லொக் துண்டு கண்ணுக்குத்தான் பறக்கும்.

தினமும் கையில் எடுக்கும் சொக்கட்டை வீட்டில் செய்யப் பார்ப்பது வீண் வேலை. நல்லதாக ஒரு செட் வாங்குங்கள். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டும் அப்படியே. சீமெந்துக் கல்லை அடுக்கி லொறிக்கு அடியில் படுப்பவர்களை இன்னமும் பார்க்கிறோம். அந்தக் கல் வெடிப்பதற்கு முன் சத்தமும் போடாது. ஷொக் எப்சோபரின் சுருள் ஸ்பிரிங்கையும் கம்பி கட்டி அமுக்க வேண்டாம். அதை மட்டும் கராஜுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.