ஈஸ்ட் உயிர்ப்படலமும் வேதிச்சேர்மங்களும்

நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழும் அமைப்பு உயிர்ப்படலம் எனப்படும். பாக்டீரியாக்களைப் போலவே, ஒருசெல் பூஞ்சைகளான ஈஸ்டுகளும் இதை உருவாக்குகின்றன. ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட் தீங்கற்றது. நோய் உண்டாக்குபவற்றுள் முதன்மையானது கேண்டிடா அல்பிகன்ஸ். நலமாக உள்ளவர்களின் வாயிலும் குடலிலும் இது அமைதியாக வாழ்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது நோயாக மாறுகிறது.

படலம் உருவாகும் விதம்

பல்செட், சிறுநீர்க் குழாய், இரத்தக்குழாயில் செருகப்படும் குழாய் போன்றவற்றின் பரப்பில் செல்கள் முதலில் ஒட்டுகின்றன. பிறகு அவற்றிலிருந்து நீண்ட இழைகள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இவற்றைச் சுற்றி மாவுப்பொருள்கள், புரதம், டி.என்.ஏ. கலந்த பசை சேர்கிறது. முதிர்ந்த படலத்திலிருந்து பிரியும் செல்கள் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில், மிகவும் கவலைக்குரிய பிரிவில் இந்தக் கேண்டிடாவும் உள்ளது.

மருந்துகளின் விளைவு

புளூகோனசோல், பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. தனித்து மிதக்கும் செல்களிடம் நன்கு வேலைசெய்யும் இம்மருந்து படலத்திடம் பெரும்பாலும் தோற்கிறது. பசையிலுள்ள பீட்டா குளுக்கான் மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். உள்ளே நுழையும் மருந்தைச் செல்கள் வெளியே தள்ளிவிடுவது மற்றொரு காரணம். செல்சுவரின் குளுக்கான் உருவாவதையே தடுக்கும் கேஸ்போஃபங்கின், கொழுப்பு உறையில் பொதிந்த ஆம்போடெரிசின்-பி ஆகியவை படலத்தின்மீது கூடுதலாகச் செயல்படுகின்றன.

கொல்லாமல் தடுத்தல்

செல்களைக் கொல்லாமல், இழை விடுவதை மட்டும் தடுத்தால் என்ன? இதற்கு வழிகாட்டியது ஃபார்னசோல். கேண்டிடா தானே சுரக்கும் இச்சேர்மம், செல்கூட்டம் பெருகியதும் இழை வளர்ச்சியை நிறுத்தும் செய்தியாகச் செயல்படுகிறது என்பது 2001இல் தெரியவந்தது. தொடக்கத்திலேயே சேர்த்தால் படலம் உருவாவதைத் தடுக்கும். படலம் முதிர்ந்தபின் பயன் குறைவு.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் பற்றி 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நம் கொல்லிமலையிலும் விளைகிற அதே மிளகுதான். ஒரு மில்லிலிட்டரில் 32 மைக்ரோகிராம் பைப்பரின், செல்களின் வளர்ச்சியை அதிகம் பாதிக்காமலே படலத்தையும் இழைகளையும் தடுத்தது. கொல்லாத சேர்மத்தை எதிர்த்துப் பூஞ்சை பழகிக்கொள்வது மெதுவாகவே நடக்கும் என்பது இவ்வழியின் எதிர்பார்ப்பு.

கவனிக்க வேண்டியவை

ஆய்வில் பயன்பட்டது தூய பைப்பரின். சோதனை நடந்தது ஆய்வகத்திலும் ஒரு சிறு புழுவிலும். எனவே மிளகு ரசமோ கஷாயமோ மருந்துக்கு மாற்றாகாது. பல்செட் அணிவோர் அதை நாள்தோறும் பிரஷால் தேய்த்துக் கழுவி, இரவில் கழற்றி வைக்க வேண்டும். படலத்தை உருவாகும் முன்பே தேய்த்து அகற்றுவது எளிது. முதிர்ந்தபின் மருந்தால் அழிப்பது கடினம். இரத்தக்குழாயில் செருகிய குழாயில் கேண்டிடா தொற்று ஏற்பட்டால், மருந்து கொடுப்பதோடு அக்குழாயையும் மருத்துவர்கள் இயன்றவரை அகற்றிவிடுவது இதனால்தான்.