பாம்பன் பாலத்தில் வேடிக்கை

1988-ம் வருஷம் பாம்பன் ஜலசந்தியின்மீது சாலைப் பாலம் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே வருஷத்தில்தான். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திக் கடலையும் ரயிலையும் பார்ப்பதை ஜனங்கள் ‘வேடிக்கை’ என்கின்றனர். பிறர்க்கு அபாயம் விளையுமாறு வண்டியை நிறுத்தலாகாதென்பது அச்சட்டத்தின் 122-வது பிரிவு. கண்மூடித்தனமான வேகத்தைச் ‘சாமர்த்தியம்’ என்கின்றனர்; 184-வது பிரிவு அதனை அபாயகரமாய் ஓட்டிய குற்றம் என்கிறது. உயிர் போய்விட்டாலோ ‘விதி’ என்கின்றனர்! 2024-ல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சங்கிதையின் 106-வது பிரிவில் அதற்குப் பெயர் அஜாக்கிரதையால் விளைவித்த மரணம். தண்டனை 5 வருஷம் வரை சிறை.

சாலை விதியை மீறிவிட்டுத் தலைவிதியின்மேல் பழி சுமத்துவது நேர்மையன்று. குற்றத்துக்கு நற்பெயர் சூட்டுமளவும் குற்றம் ஒழியாது. பாபம் தொலைக்க ராமேசுவரம் செல்வோர் வழியில் புதுப் பாபம் தேடலாமா? சுதந்திர தேசத்தின் ஜனங்கள் போலீஸாருக்கு அஞ்சியன்று, சக யாத்ரீகரின் உயிரை மதித்தே சட்டத்தைக் காக்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.